அளவுத்தர வாயு ஏறாமல் கப்பல் புறப்பட வேண்டாம்

ஆய்வுக்கப்பல் பயணத் திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கடந்த வடகிழக்குப் பருவமழைக் காலப் பயணத்தில், கடல் மேற்பரப்பு நீரின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியைக் கவனித்துக்கொண்ட ஒப்பந்தப் பணியாளன் நான். நடந்தவை தங்கள் கோப்பிலேயே இருப்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் இரவு மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கப்பலின் அடியிலிருந்து இழுத்த கடல்நீர் கலனுக்குள் தூறலாகப் பொழிந்துகொண்டிருந்தது. அந்நீரோடு சமநிலைக்கு வந்த காற்று அகச்சிவப்பு அளவிக்குள் சென்றது. திரையில் எண்களும் வந்தன. ஆனால், சில மணி நேரத்திற்கு ஒருமுறை அளவியைச் சரிபார்ப்பதற்கான அளவுத்தர வாயுவின், அதாவது கார்பன் டை ஆக்சைடு செறிவு துல்லியமாகத் தெரிந்த வாயுவின், கடைசிச் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நாற்பது நாள் முன்பே கேட்டிருந்த புதிய சிலிண்டர்களோ ஒரு கையொப்பத்திற்காகக் கரையில் கிடந்தன. மீதிப் பதினொரு நாளும், படிக்கல் இல்லாத தராசின் முன் அமர்ந்த கடைக்காரனைப் போல அக்கருவியின் முன் அமர்ந்திருந்தேன்.

கடல் மேற்பரப்புக் கார்பன் டை ஆக்சைடு அளவீடுகளைத் திரட்டும் சோகாட் எனும் உலகத் தரவுத் தொகுப்பில் உயர்தரம் பெறுவதற்கு, அவ்வாயுவின் அழுத்தம் 2 மைக்ரோ அட்மாஸ்பியருக்குள் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. நீரின் வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அளவு ஏறத்தாழ 4 விழுக்காடு மாறுவதால், நீர் நுழையும் இடத்திலும் கலனிலும் தனித்தனியே வெப்பமானி வைத்து மல்லாடுகிறோம். அவ்வளவு பாடும் ஒரு சிலிண்டர் இல்லாமல் வீணாயிற்று. வங்கக் கடலில் இத்தகைய அளவீடுகள் ஏற்கெனவே குறைவு. வடக்கே ஆறுகள் கொட்டிய உப்புக் குறைந்த நீர் கடலூர்க் கரையை ஒட்டித் தெற்கே இறங்கும் பருவம் இது ஒன்றுதான். அடுத்த ஆண்டு போய் அளந்தாலும் கிடைப்பது அடுத்த ஆண்டின் கடலே.

வழியனுப்பு விழாவுக்கான பந்தலும் பொன்னாடைகளும் மூன்றே நாளில் வந்து சேர்ந்தன. பொன்னாடையைக் கொண்டு அளவியைச் சரிபார்க்கும் முறை ஏதேனும் இருப்பின் எங்களுக்கும் கற்பித்தருள வேண்டும். மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவன்று.

அளவுத்தர வாயுச் சிலிண்டர்கள் கப்பலில் ஏற்றப்பட்டு, இணைக்கப்பட்டு, சோதிக்கப்பட்ட பின்னரே புறப்பாட்டு அனுமதியில் கையொப்பமிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பயண நாளைத் தள்ளிவைக்க நேர்ந்தாலும் சிலிண்டர் இல்லாமல் அனுப்ப வேண்டாம். மேலும், கருவி பதினேழு நாளும் இயங்கியதாகப் பயண அறிக்கையில் ஒரு வரி உள்ளது. இயங்கியது உண்மை, அளந்தது ஆறு நாள் மட்டுமே. அவ்வரியைத் திருத்தித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஒப்பந்தப் பணியாளன்,
கடலூர் முதுநகர்