பெர்சி ஜாக்சனைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கும் அனைவரும் நலம். உன் மகள் பெர்சி ஜாக்சன் நாவல்களை விட்டு எழுந்திருக்க மறுக்கிறாள் என்றும், நியூயார்க்குக்கு இழுத்துவரப்பட்ட கிரேக்கத் தெய்வங்களைப் படிப்பதைவிட மூலக்கதைகளையே அவள் படிக்கலாமே என்றும் எழுதியிருந்தாய். அந்த ஐந்து நாவல்களின்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு என்பதால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

ஆசிரியர் ரிக் ரியோர்டன், டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடும் ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைவு-துறுதுறுப்புக் கோளாறும் உள்ள தம் மகனுக்கு இரவில் கிரேக்கத் தொன்மங்களைச் சொல்லி வந்தவர், தெரிந்த கதைகள் தீர்ந்ததும் அதே தெய்வங்களை வைத்துப் புதிதாகச் சொல்லத் தொடங்கினார். கிரேக்கத் தெய்வத்துக்கும் மனிதப் பெண்ணுக்கும் மகனான நாயகன் பெர்சி அப்படித்தான் பிறந்தான். முதல் நாவல் 2005-இலும் ஐந்தாவது 2009-இலும் வெளிவந்தன. மூளை பண்டைக் கிரேக்கத்தைப் படிக்கவென அமைந்திருப்பதால்தான் ஆங்கில எழுத்துகள் பெர்சிக்குத் தடுமாறுகின்றன. வகுப்பில் அவனை உட்காரவிடாத துறுதுறுப்பு, சண்டையில் அவன் உயிரைக் காக்கிறது. தன்னைப் பள்ளிக்கு லாயக்கில்லாதவன் என்று நம்பத் தொடங்கிவிட்ட ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்?

மூலம் நீர்த்துப் போய்விடுகிறது என்ற உன் கவலைக்கு ஓரிடத்தை எடுத்துக் காட்டுகிறேன். கிரேக்கத் தொன்மத்தின் வீரன் பெர்சியஸின் தாய் டானாயியை அடைய விரும்பிய செரிஃபோஸ் தீவின் அரசன் பாலிடெக்டிஸ், குறுக்கே நின்ற மகனை, பார்ப்பவரைக் கல்லாக்கும் அரக்கி மெடூசாவின் தலையைக் கொண்டுவருமாறு அனுப்பிவைக்க, அவனோ அத்தலையோடு திரும்பி வந்து அரசனையே கல்லாக்குகிறான். முதல் நாவலின் முடிவில் இதே நிலைமை ஒரு நியூயார்க் குடியிருப்பில் வருகிறது. பெர்சியின் தாய் சாலி, கை ஓங்கும் குணமுள்ள, எந்நேரமும் சீட்டாடும் கேப் என்பவனை மணந்திருக்கிறாள். அவன்மேல் வீசும் நாற்றம் தன் மகனின் வாடையை அரக்கர்களிடமிருந்து மறைத்துவிடும் என்பதுதான் அந்தத் திருமணத்துக்குக் காரணம். மெடூசாவின் தலை இருக்கும் பெட்டி இப்போது பெர்சியிடம் இருக்கிறது. ஒரு நொடியில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். ஆனால் தன் வாழ்க்கையைத் தானே மீட்டுக்கொள்ள வேண்டும் என்று தாய் சொல்லிவிட, அவன் பெட்டியை அவளிடமே விட்டுச் செல்கிறான். பின்னர் கேப் காணாமல் போகிறான். சீட்டாடும் மனிதனின் சிலையொன்று விலைபோகிறது. அந்தப் பணத்தில் சாலி கல்லூரியில் சேர்கிறாள்.

பழங்கதையில் டானாயி மீட்கப்படுகிறவளாக மட்டுமே இருக்கிறாள். அந்தத் தலையை அவள் கையிலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதற்கு, மூலத்தை நன்றாக உள்வாங்கியிருக்க வேண்டும், தேன்மொழி.

என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது லூக்கின் கதை. (இதை மகளிடம் சொல்லிவிடாதே, அவள் தானாகவே படித்து அறியட்டும்.) தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பயிற்சி பெறும் லாங் ஐலண்ட் முகாமில், எந்தத் தெய்வமும் தன் பிள்ளை என்று ஏற்காதவர்களெல்லாம் ஹெர்மிஸ் என்னும் தெய்வத்தின் குடிலில் நெருக்கியடித்துத் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள். அந்தக் குடிலின் மூத்தவன் லூக், ஹெர்மிஸின் சொந்த மகன். தந்தையின் மேலுள்ள கசப்பினாலேயே தெய்வங்களை எதிர்த்துப் போரிடும் டைட்டன் குரோனஸின் பக்கம் சாய்கிறான். அவன் வழி தவறானது, கோபம் நியாயமானது. அந்தப் போர் முடிந்து, தெய்வங்களின் அரசன் ஜீயஸ் அமரத்துவம் தர முன்வரும்போது பெர்சி அதை மறுத்து, இனிப் பதின்மூன்று வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையையும் அதன் தெய்வப் பெற்றோர் ஏற்க வேண்டும் என்று வரம் கேட்கிறான். எதிரியின் குறையைத் தன் கோரிக்கையாக்கும் நாயகனை இளையோர் நாவல்களில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்த ஏக்கமும் கிரேக்கத்திலிருந்தே வருவதுதான். தொன்ம வீரன் தீசியஸ் தந்தையைக் காணாமல் தாயிடம் வளர்கிறான். தந்தையான ஏதென்ஸ் அரசன் ஏஜியஸ் பாறைக்கடியில் விட்டுச்சென்ற வாளையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு ஏதென்ஸுக்கு நடக்கிறான். அங்கே ஏஜியஸின் மனைவி மீடியாவின் தூண்டுதலால் அவனுக்கு நஞ்சுக் கிண்ணம் நீட்டப்படுகிறது. அதைக் குடிக்கப்போகும் கணத்தில் அவனிடமுள்ள வாளை அடையாளம் கண்டு, தந்தை கிண்ணத்தைத் தட்டிவிடுகிறான். தீசியஸ் கடல் தெய்வம் பொசைடனின் மகன் என்றும் ஒரு வழக்கு உண்டு. பெர்சியும் பொசைடனின் மகன்தான்.

2010-இல் தொடங்கிய அடுத்த வரிசையில் ரோமானியத் தெய்வங்களும் சேர்ந்து, கதைமாந்தர் பெருகிப் பழைய நெருக்கம் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம். ஆகவே முதல் ஐந்தை முடித்ததும் நேரே அவளுக்குத் தீசியஸின் கதையையும் பெர்சியஸின் கதையையும் கொடு. அதுவரை அந்த நாவல்களைக் கையிலிருந்து வாங்காதே. லூக்கைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எனக்கு எழுது. அவளே எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

என்றும் அன்புடன்,
கயல்விழி