எங்கள் தெருச் சனம் என்ன நினைக்கிறது என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் நோவு அப்படியே இருக்கிறது, ஆனாலும் நடக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

மெல்பேர்ணில் உன்னோடு வேலை செய்பவர்கள், "உங்கள் பிரிட்டிஷ் சனத்துக்கு என்னதான் நடந்தது?" என்று கேட்கிறார்கள் என்றாய். 2016க்கும் 2024க்கும் இடையில் ஆறு பிரதமர்கள். 2024இல் கலவரம். 2025 கோடையில் விளக்குக் கம்பம் எல்லாம் இங்கிலாந்துக் கொடி. தொலைக்காட்சியில் இதை மட்டும் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்வி வரும்தான். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். லண்டனின் மேற்கு ஓரத்தில், ஹில்லிங்டனில் ஒரு தெருவில் இருக்கிற, வரி கட்டுகிற, வாக்குப் போடுகிற ஒரு பெண்ணாக எனக்குப் பட்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் இந்த நாட்டின் அரசியலைப் பார்த்தது பள்ளிக்கூடக் குசினியில் பரிமாறும் மேசைக்குப் பின்னால் நின்றுதான். 2014க்கு முந்தி எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கும்: எந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு இலவசம், எது காசு கட்டுகிறது என்று. பிள்ளைகளுக்கு அதைக் காட்டமாட்டோம். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? அதைவிட எனக்கு மனம் நொந்தது, இலவசப் பட்டியலிலும் இல்லாமல் காசும் கட்ட வழியில்லாமல் நடுவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிறார்கள், அதனால் இலவசம் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு நாளாந்தம் சாப்பாட்டுக் காசு கட்டவும் முடியாது. அந்தப் பிள்ளைகளின் பெட்டியில் இரண்டு துண்டுப் பாணும் ஒரு பைக்கட் கிறிஸ்ப்ஸும் வரும்.

2014 செப்டம்பரில் அது மாறியது. இங்கிலாந்தில் ரிசப்ஷன் என்கிற ஆரம்ப வகுப்புத் தொடக்கம் இரண்டாம் ஆண்டு வரை படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம் என்றார்கள். அந்தக் கிழமை எங்களுக்குக் கை ஓயவில்லை. தோலோடு வாட்டிய உருளைக்கிழங்கைப் பிளந்து, உள்ளே பீன்ஸ், மேலே சீஸ் துருவல். தட்டின் சின்னக் குழியில் ஸ்பொஞ்ச் கேக், அதன்மேல் ஒரு கரண்டி சூடான கஸ்டர்ட். வரிசையில் வந்த ஒரு பிள்ளைக்கும் பெயர் பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஏழு வயது முடிந்து மூன்றாம் ஆண்டுக்குப் போனதும் அது நின்றுவிடும். ஜூலையில் என் முன்னால் தட்டை நீட்டிய பெடியன், செப்டம்பரில் பெட்டியோடு மற்ற மேசையில் இருப்பான். கஸ்டர்ட் வாசத்துக்குத் திரும்பிப் பார்ப்பான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நான் பரிமாறுவேன். 2023 செப்டம்பரில் லண்டன் மேயர் சாதிக் கான் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இலவசம் என்று கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கொடுமை எங்கள் பக்கம் தீர்ந்தது.

இப்போது இதைக் கவனி. 2014இல் அந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்தவர் லிபரல் டெமோக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக், கன்சர்வேட்டிவ் கட்சியோடு சேர்ந்து ஆண்ட காலத்தில். பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கூட்டவிடமாட்டோம் என்று 2010 தேர்தலுக்கு முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டாட்சிக்குப் போனதும் வருடத்துக்கு 9,000 பவுண் வரை கூட்டுவதற்கு ஒத்துப்போனவரும் அவரேதான். 2012இல் நீ சேர்ந்தபோது அந்தப் புதிய கட்டணம் உன் தலையில்தான் முதலில் விழுந்தது. இன்றும் மெல்பேர்ணில் இருந்துகொண்டு அந்தக் கடனைக் கட்டுகிறாய். அப்பா அன்றிலிருந்து அந்தக் கட்சியின் பெயரையே வீட்டில் எடுக்கமாட்டார். நாடும் அப்படித்தான் நினைத்தது, 57 ஆசனம் வைத்திருந்தவர்களுக்கு 2015இல் 8 தான் மிஞ்சியது. எனக்கு மட்டும் அந்தக் கோபத்தோடு கஸ்டர்ட் தட்டும் சேர்ந்தே ஞாபகம் வரும். அதனால்தான் நான் எந்தக் கட்சிக்கும் காலம் முழுக்க எழுதிக்கொடுத்தவள் இல்லை. இங்கே நான் பழகுகிற சனத்தில் முக்கால்வாசிப்பேர் இப்படித்தான். அவர்களை இடது வலது என்று பிரிக்கிறவர்கள் அவர்களோடு பஸ் தரிப்பிடத்தில் நின்று கதைத்துப் பார்க்கவேண்டும்.

காற்றை மாசாக்கும் பழைய கார்களுக்குக் காசு அறவிடுகிற அந்த ULEZ திட்டத்துச் சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய டீசல் கார் ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண் என்பதை 2023 ஆகஸ்டில் வெளி லண்டன் முழுக்க நீட்டினார்கள். எங்கள் உள்ளூராட்சிக் கவுன்சிலையும் சேர்த்து ஐந்து கவுன்சில்கள் வழக்குப் போட்டுத் தோற்றன. அதற்குச் சற்று முன்னர்தான் போரிஸ் ஜான்சன் விட்டுப்போன எங்கள் உக்ஸ்பிரிட்ஜ் தொகுதியில் இடைத்தேர்தல். நாடு முழுக்கக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு எதிராகக் காற்று அடித்துக்கொண்டிருக்க, இங்கே அவர்கள் 495 வாக்கில் வென்றார்கள். காரணம் அந்த 12.50 பவுண்தான். அப்பாவும் காருக்காகத்தான் வாக்குப் போட்டார். இரவு நேர வேலைக்குப் போகிறவருக்குப் பஸ் இல்லை, அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் மற்றப்பக்கம் போட்டேன். 2013இல் லூயிஷம் பக்கம் 9 வயதுப் பிள்ளை ஒன்று ஆஸ்துமாவில் இறந்தது. அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பு எழுதினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதி வைத்திருந்த இன்ஹேலர்களை நாள்தோறும் பார்த்த எனக்கு அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. லண்டன் நடுப்பகுதிக்கு இந்தத் திட்டத்தை முதலில் அறிவித்தவர், மேயராக இருந்தபோது, அதே போரிஸ் ஜான்சன்தான். பிறகு கட்சி வேறு கதை சொன்னது. பழைய காரைக் கொடுத்தால் 2,000 பவுண் தருகிறோம் என்பதை மேயர் சாதிக் கான் எல்லோருக்கும் என்று ஆக்கியது திட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சில நாட்களுக்கு முன். அதை ஒரு வருடம் முந்திச் செய்திருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது உன் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டித் தந்தவர். 2016 வாக்கெடுப்பில் லண்டன் நகரம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருப்போம் என்றது, எங்கள் ஹில்லிங்டன் விலகுவோம் என்றது. அவரும் விலகவே போட்டார். நீ அப்போது அவரோடு கதைக்கமாட்டேன் என்று நின்றாய். நான் கதைத்தேன். அவர் தாய் தகப்பன் கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த வீட்டில் இருந்தவர்கள். 1980இல் வந்த சட்டத்தின்படி அதை மலிவு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அப்படி விற்ற வீடுகளுக்குப் பதிலாகப் போதிய வீடு யாரும் கட்டவில்லை. இன்று அவருடைய மகன் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டு ஸ்லோவில் ஒரு அறையில் இருக்கிறான். "எங்களிடம் யாராவது எதையாவது கேட்டார்களா? அந்த ஒரு நாள்தான் கேட்டார்கள்" என்றார் அவர். சனம் கூட வந்ததால் வீடு இல்லை என்கிறார். வீடு கட்டாததால் வீடு இல்லை என்கிறேன் நான். இதில் நாங்கள் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் அவருடைய மகனின் அறை பொய் இல்லை. அதைக் கண்ணால் பார்க்காத அரசியல்வாதி எவரும் இந்த நாட்டின் கோபத்தை விளங்கிக்கொள்ளப் போவதில்லை.

2024 ஜூலை 29ஆம் திகதி சவுத்போர்ட்டில் மூன்று சின்னப் பெண்பிள்ளைகளை ஒருவன் குத்திக் கொன்றான். கொலை செய்தவன் ஓர் அகதி என்று பொய்க்கதை பரவி, ரொதர்ஹாமில் அகதிகள் இருந்த ஹோட்டலுக்கே தீ வைக்கப் பார்த்தார்கள். அந்த நாட்களில் நான் வெளியில் போகப் பயந்தேன், உன்னிடம் அப்போது சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, கடைக்குப் போகிறேன், பால் பாண் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆகஸ்ட் 7ஆம் திகதி வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கில் சனம் தெருவில் இறங்கி நின்றது. பிரிட்டிஷ் சனம் என்று அங்கே யாராவது கேட்டால் கலவரத்தோடு இவர்களையும் சேர்த்துச் சொல், மகள்.

ஹீத்ரோ பக்கத்து ஹோட்டல்களில் இன்றும் அகதி விண்ணப்பக்காரரை வைத்திருக்கிறார்கள். சாப்பாடு கொடுக்கிற இடமென்றால் கைச்செலவுக்கு வாரம் 10 பவுண்கூட வராது. நாங்கள் 90களின் தொடக்கத்தில் வந்தபோது ஆறு மாதம் கழிந்ததும் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். அப்பா அப்படித்தான் பெட்ரோல் நிலையத்தில் வேலைக்குப் போனார், வரி கட்டினார், உன்னை வளர்த்தார். 2002இல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது முடிவு வராமல் ஒரு வருடம் காத்திருந்த பிறகுதான் கேட்கலாம், அதுவும் அரசாங்கம் பட்டியல் போட்ட சில வேலைகளுக்கு மட்டும். வேலை செய்ய விடாமல் வைத்துக்கொண்டு, வரிக்காசில் சும்மா இருக்கிறார்கள் என்று ஏசுவது பெரிய அநியாயம். விண்ணப்பத்தைக் கெதியாகப் பார், முடிவைச் சொல், காத்திருக்கும் காலத்தில் உழைக்க விடு. இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை.

வைத்தியம் பற்றி நீளமாக எழுதவேண்டியதில்லை, உனக்குத் தெரியும். டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியை எடுத்துக் காத்திருக்கவேண்டும். அப்பாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்குத் திகதி இன்னும் வரவில்லை. இருந்தாலும் இந்த நாட்டில் முறைப்படி குடியிருக்கிற ஒருவரும் 1948இலிருந்து கட்டிலில் படுக்குமுன் காசு எண்ணிக் கொடுக்கவேண்டியதில்லை என்பது எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. அதற்கு வரி கூடக் கட்டச் சொன்னால் கட்டுவேன்.

இனி உன் அலுவல். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைப்பதற்கு முன்பே, கொமன்வெல்த் நாட்டவர் என்ற உரிமையில் 1997 மே முதலாம் திகதி நானும் அப்பாவும் இங்கே வாக்குப் போட்டோம். நீ ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுக்கும் வரை அங்கே உனக்கு அது கிடையாது. ஆனால் 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டில் இருக்கும் பிரிட்டிஷ் குடிமக்கள் எத்தனை வருடமானாலும் இங்கே பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். முந்தி 15 வருடத்தோடு நின்றுவிடும். உன்னைப் பாதிக்காதது என்று நினையாதே. நானும் அப்பாவும் கடைசிக் காலத்தில் உன்னிடம் வந்து இருந்தால், எங்கள் அரச பென்சன் நாங்கள் அங்கே வந்த நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும். அமெரிக்காவுக்குப் போனால் வருடா வருடம் கூடும், ஆஸ்திரேலியாவுக்கு வந்தால் கூடாது. அதை மாற்றக்கூடியவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள்.

இந்தத் தேர்தல் முறையில் எனக்கும் குறை உண்டு. 2024இல் லேபர் கட்சி 33.7 வீத வாக்கோடு 411 ஆசனம் எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ரிஃபோர்ம் கட்சிக்கு 14 வீதம், கிடைத்தது 5 ஆசனம். அந்தக் கட்சி சொல்வதில் பெரும்பாலானது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அது நியாயமான கணக்கு இல்லை. அதற்காக வாக்கை விட்டுவிடமாட்டேன். எங்கள் தொகுதியில் 495 பேரின் வாக்கு என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறாய்.

ஆகவே இந்தக் கிழமையே இணையத்தில் பதிவு செய். கடைசி முகவரி என்று இந்த வீட்டைக் கொடு. தபால் வாக்கு வேண்டாம், ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பி வர நாள் போதாது. உனக்குப் பதிலாகப் போட என்னை நியமி. வாக்குச்சாவடியில் என் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், என் பஸ் பாஸே செல்லும். பதிவு மூன்று வருடத்துக்குள் காலாவதியாகும், புதுப்பிக்க மறவாதே. யாருக்கு என்பதை நீதான் சொல்லவேண்டும். எனக்குப் பிடிக்காத பெயரைச் சொன்னாலும் அதற்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வருவேன். ஆனால் ஏன் அவர் என்று எனக்கு வடிவாக எழுது.

அன்புடன்,
அம்மா