மோட்டார் போர்டுக்கு ஆள் கிடைத்தாகிவிட்டது

கோட்டையூர்

அன்புள்ள சொக்குவுக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடியேறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பதுதான் குறையவில்லை. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் உன் கருவி வந்தால்தான் அதற்கு ஒரு முடிவு வரும்.

அந்தக் கருவியின் சர்க்யூட் போர்டுக்கு லேஅவுட் போட, அதாவது எந்தப் பாகம் எங்கே, எந்தத் தாமிரத் தடம் எப்படி என்று வரைய, மலிவாக ஆள் பார்க்கச் சொன்னாய். பார்த்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் என் லேபில் படித்த பெண், இப்போது தேவகோட்டையில் இருக்கிறாள். பெங்களூரில் இதே வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே செய்து தருகிறாள். உன் சர்க்யூட் படத்தைப் பார்த்துவிட்டு 6,000 ரூபாய் ஆகும் என்றாள். அதை உனக்குச் சொன்னதும், "பேசி 3,000க்கு முடித்துவிடுங்கள் ஆத்தா" என்று பதில் போட்டாய்.

பேரம் பேச மாட்டேன். சரக்கு முறுக்கா செட்டியார் முறுக்கா என்று கேட்டால், இங்கே முறுக்கிக்கொண்டு நிற்பது உன் சரக்குதான். அந்தப் பெண்ணின் கூலியில் கை வைக்காதே. அவள் தலையில் ஏற்றும் வேலையைக் குறை, தொகை தானே இறங்கும். எங்கே குறைக்கலாம் என்று உன் படத்தைச் சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முதலில் அந்த ரிலே, மோட்டாரைப் போட்டு நிறுத்த நீ வைத்திருக்கும் மின்சுவிட்ச். நம் போர் மோட்டார் ஒற்றை ஃபேஸில் ஓடும் 1 குதிரைத்திறன் மோட்டார். ஓடும்போதே 6 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கிளம்புகிற நொடியில் அதைவிடப் பல மடங்கு. ரிலேயின் தலையில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்ன கணக்கு. மோட்டாரை அதில் நேராக மாட்டினால் ஒரு நாள் உள்ளே முனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டார் நிற்காது. அதோடு 6 ஆம்பியர் போர்டு வழியாகப் போக வேண்டும் என்றால், வழக்கமான 35 மைக்ரான் தாமிரத்தில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடம் வேண்டும், 10 டிகிரி சூடேறலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகும். தடம் அகன்றால் போர்டு பெரிதாகும், மற்றதற்கு இடம் போகும். மோட்டார் பெட்டிக்குள் ஒரு காண்டாக்டர், அதாவது மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலே, வைத்துவிடலாம். எலக்ட்ரீசியன் அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவார். உன் ரிலே அந்தக் காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். அதற்கு ஆகும் மின்னோட்டம் மிகச் சொற்பம். லேஅவுட்டில் தலைவலியாக இருந்த பகுதி அத்தோடு போயிற்று.

அடுத்து உன் பவர் சப்ளை. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒரு கண்டென்சரை வைத்து 230 வோல்ட்டைக் குறைத்திருக்கிறாய். காசு மிச்சம்தான். ஆனால் அந்த வகைச் சப்ளையில் போர்டு முழுவதும் மின் கம்பியோடு ஒட்டு உறவில் இருக்கும். அதிலிருந்து மிதவை சுவிட்சுக்கு ஒயர் போகிறது. மிதவை கிடப்பது தொட்டித் தண்ணீரில். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக வருவது நான் கை கழுவும் இடத்துக்கு. இதைப் படிக்கும்போதே உனக்குப் புரிந்திருக்கும். அதை முழுவதுமாக அடித்துவிட்டேன். ஹை-லிங்க் என்று சிறிய கறுப்புக் கட்டி விற்கிறார்கள்: ஒரு பக்கம் 230 வோல்ட், மறுபக்கம் தனிமைப்படுத்தப்பட்ட 5 வோல்ட், 3 வாட். உனக்கு அது போதும். மிதவை ஒயர் உள்ளே வருமிடத்தில் ஒரு ஆப்டோகப்ளர் வைத்துக்கொள்; மின் தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகவே தகவலைக் கடத்தும் பாகம் அது. மொட்டை மாடியிலிருந்து அத்தனை நீளத்துக்கு இழுத்த ஒயர், இடி மின்னல் காலத்தில் எதையெல்லாம் சுமந்து வரும் என்று சொல்ல முடியாது.

வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 சிப்பைத் தனியாக வைத்து ஆன்டெனாவையும் நீயே வரைய நினைத்தது ஆசை. அந்த ஆன்டெனாத் தடத்தின் அகலமும் பக்கத்துத் தாமிரத்துக்கான இடைவெளியும் தப்பினால் வைஃபை கூடத்தைத் தாண்டாது. அதைச் சரியாகப் போடத் தெரிந்தவர் அதற்குத் தனிக் காசு கேட்பார், கேட்கவும் வேண்டும். சிப், கிரிஸ்டல், நினைவகம், ஆன்டெனா எல்லாம் சேர்ந்த மாட்யூல் கடையில் கிடைக்கும்போது இது எதற்கு? திரை, பஸ்ஸர், மின்கலம், அதற்குச் சார்ஜர், இவையும் வேண்டாம். அப்பச்சி திரையைப் படிப்பதற்குக் கண்ணாடி தேடி முடிப்பதற்குள் தொட்டி வழிந்துவிடும். ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு போதும். மின்சாரம் இல்லாத நேரத்தில் மோட்டாரும் ஓடாது, பிறகு மின்கலம் யாருக்குக் காவல்?

இவ்வளவையும் எடுத்துவிட்டு அந்தப் பெண்ணிடம் மறுபடி காட்டினேன். 3,500 என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, அவளாகச் சொன்னது. நீ சொன்ன தொகைக்கும் இதற்கும் நடுவில் இருப்பது 500 ரூபாய். அதை விட்டுவிடு.

இதற்கு முன் வேறொருவர் உனக்கு 800 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்றாராமே, ஒரு கேள்விகூடக் கேட்காமல். எனக்கு அந்த 800 பயமில்லை. கேள்வி கேட்காததுதான் பயம். தேவகோட்டைப் பெண் விலை சொல்வதற்கு முன்பே பெட்டியின் உள்ளளவு என்ன, எந்தப் பக்கம் ஒயர் நுழையும், எந்தத் தடத்தில் எவ்வளவு ஆம்பியர் என்று கேட்டாள். கேள்வி கேட்காமல் வேலையை எடுப்பவர் பெரும்பாலும் தடங்களைக் கணினியே இழுக்கும் ஆட்டோரவுட்டரை ஓட விட்டு, வந்ததை ஜெர்பர் கோப்பாக, அதாவது போர்டு அச்சிடுவதற்கான படக் கோப்பாக, அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவார். இணைப்பு எல்லாம் சரியாகவே இருக்கும். 230 வோல்ட் தடமும் 3.3 வோல்ட் தடமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகும், எது ஆளைக் கொல்லும், எது கொல்லாது என்று ஆட்டோரவுட்டருக்குத் தெரியாது.

லேஅவுட் என்றால் கோடு இழுப்பது என்று நினைக்கிறாய். எதை எங்கே வைப்பது என்பதில் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். நம் வீட்டையே எடுத்துக்கொள். வருகிறவர் முகப்போடு நிற்பார், கல்யாணம் காட்சி வளவில், புகையும் பாத்திரச் சத்தமும் கடைசிக் கட்டில். ஒன்றின் வேலை மற்றொன்றின் நடுவே புகாது. உன் போர்டிலும் ஒரு ஓரத்தில் 230 வோல்ட் வரும் டெர்மினல், ஃபியூஸ், ரிலேயின் முனைகள், ஹை-லிங்க்கின் ஒரு பக்கம், நடுவில் வெற்றிடம், அதைத் தாண்டிய பிறகுதான் 5 வோல்ட், மாட்யூல், கடைசி விளிம்பில் ஆன்டெனா. அந்த வெற்றிடத்தை 6 மில்லிமீட்டருக்குக் குறைய நான் விடமாட்டேன். மேலடுக்கு, கீழடுக்கு இரண்டிலும் அங்கே தாமிரம் கூடாது. ரிலேயின் காலுக்கு அடியில் இடம் நெருக்கினால் போர்டையே அறுத்து ஒரு நீள்துளை விடச் சொல். ஆன்டெனாவுக்கு அடியிலும் இரு பக்கத்திலும் தாமிரம் வேண்டாம். பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வைஃபை வரவில்லை என்று அவளைக் குற்றம் சொல்லாதே.

வீட்டிலேயே ஃபெரிக் குளோரைடில் அரித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். லேபில் எத்தனையோ மாணவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். பெயின்டில் தடம் வரைந்த பலகையை எனாமல் தட்டில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழுப்புத் திரவத்துக்குள் முதலில் ஓரத்துத் தாமிரம் கரையும், நடுவில் ஒரு திட்டு மட்டும் பிடிவாதமாக நிற்கும், அது போவதற்குள் மெல்லிய தடத்தைப் பக்கவாட்டில் தின்றுவிடும். அந்தக் கறை பட்ட கண்டாங்கிச் சேலை ஒன்று இன்னும் பெட்டியில் இருக்கிறது, துவைத்துத் துவைத்துச் சலித்துவிட்டேன். ஒரு பக்கப் போர்டு என்றால் சரி. உன்னுடையது இரண்டு அடுக்கு. மேலடுக்கையும் கீழடுக்கையும் இணைக்கும் துளையின் உட்சுவரில் தாமிரம் ஏற வேண்டும். அது மின்வேதியியல், தட்டில் ஆட்டி வருவதில்லை. அந்த வித்தைக்கென்றே நம் ஊரில் ஒரு ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தார்களே, அந்தச் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். சின்ன வயதில் அதன் வாசலில் சைக்கிள் ஓட்டியவன் நீ.

ஆகவே அச்சுக்கு வெளியே கொடுத்துவிடு. இரண்டு அடுக்கு, 1.6 மில்லிமீட்டர் தடிமன், 10 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கினால் சீனத்து அச்சகங்கள் ஐந்து போர்டை 2 டாலருக்கே தருகின்றன. அனுப்பும் செலவுதான் அதைவிட அதிகம் வரும். டொரண்டோவுக்கு வரவழைத்து, ஊருக்கு வரும்போது கையோடு எடுத்து வா. பற்றவைப்பது என் பொறுப்பு. சாலிடரிங் அயர்னைப் பிடிக்கக் கை இன்னும் நடுங்கவில்லை. ஒரு நிபந்தனை: மேற்பரப்பில் ஒட்டும் பொடிப் பாகங்களைக் குறைத்துக்கொள். 0805 என்ற அளவுக்கு, அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு, கீழே போனால் என் கண்ணுக்கு அகப்படாது.

இனி நீ செய்ய வேண்டியது. சர்க்யூட் படத்தைக் காகிதத்தில் அனுப்பாதே, கீகேட்டில் நீயே வரை. அது சர்க்யூட்டும் போர்டும் வரையும் இலவச மென்பொருள். பிரான்ஸில் ஜான்-பியர் ஷரா 1992இல் தொடங்கியது, பிறகு ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகமும் கைகொடுத்து வளர்த்தது. அவளும் அதில்தான் செய்கிறாள். அதிலேயே மின் விதிச் சோதனை இருக்கிறது. அதை ஓட விட்டு, ஒரு பிழையும் இல்லை என்ற பிறகு கொடு. உன் படத்தைத் திருத்துவதற்கு அவளுக்குக் காசு கொடுப்பது வீண். ஒவ்வொரு பாகத்துக்கும் முழு எண்ணையும் அதன் டேட்டாஷீட்டையும் வை. "ரிலே, 5 வோல்ட்" என்று மட்டும் எழுதினால் எந்த ரிலே என்று அவள் ஊகிக்க வேண்டிவரும். காலின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

டிரான்சிஸ்டரைக் கவனி. நீ அங்கே பிரெட்போர்டில் வைத்திருப்பது 2என்3904. காரைக்குடிக் கடையில் கேட்டால் பிசி547 எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் உன் வேலைக்குச் சரி, பார்க்கவும் ஒன்றுதான். ஆனால் கால்களைக் கீழே வைத்துத் தட்டையான முகத்தை உன் பக்கம் திருப்பினால் 3904க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். 547க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். எது என்று இப்போதே முடிவு செய்து எழுதிவிடு.

பணம் கொடுக்கும் முறையையும் பேசிவிட்டேன். பாகங்களை அடுக்கியதும், தடம் இழுப்பதற்கு முன்பே அவள் படம் அனுப்புவாள். நீ பார்த்துச் சரி என்றதும் பாதி. அந்த நிலையில் ஒரு டெர்மினலை இடம் மாற்றுவது சில நிமிட வேலை. தடம் எல்லாம் இழுத்த பிறகு "இதை அந்தப் பக்கம் வையுங்கள்" என்றால் பாதியை அழித்துத் திரும்பப் போட வேண்டும். கடைசியில் இரண்டு தடவை திருத்தம் கூலியில் அடக்கம், அதற்கு மேல் போனால் தனி. மீதிப் பணத்துக்கு முன் அவள் தர வேண்டியது ஜெர்பரும் துளைக் கோப்பும் மட்டுமல்ல, கீகேட்டின் மூலக் கோப்பும்தான். அது கையில் இல்லையென்றால் நாளைக்கு ஒரு ரெசிஸ்டரை மாற்றுவதற்கும் அவள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவள் உடனே சரி என்றாள். தயங்குகிறவர்களும் உண்டு, அதனால்தான் முன்கூட்டியே கேட்டேன்.

லேஅவுட் வந்ததும் அச்சுக்கு அனுப்ப ஓடாதே. நூற்றுக்கு நூறு அளவில் காகிதத்தில் அச்செடு, 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற குறியை எடுத்துவிட்டு. ஒரு அளவுகோலை வைத்து 10 சென்டிமீட்டர் 10 சென்டிமீட்டராகவே வந்திருக்கிறதா என்று பார். காகிதத்தைத் தெர்மோகோல் துண்டில் ஒட்டி, ரிலே, ஹை-லிங்க், டெர்மினல் ஒவ்வொன்றின் காலையும் அதன் புள்ளியில் குத்து. கால் புள்ளியில் இறங்காமல் வளைந்தால் அந்த ஃபுட்பிரிண்ட், அதாவது அந்தப் பாகத்துக்குப் போர்டில் விட்ட கால் இடங்கள், தப்பு. ரிலேக்கும் டெர்மினலுக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவர் நுழைய இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். காகிதத்தை அந்தப் பெட்டிக்குள்ளும் வைத்துப் பார்; திருகுத் துளைக்கு 3.2 மில்லிமீட்டர் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். அதற்கு முன்னால் பெட்டி அளவும் டிரான்சிஸ்டர் எண்ணும் அவள் கைக்குப் போய்ச் சேரட்டும். பணத்தை அவள் கணக்குக்கே நேராக அனுப்பு, என் வழியாக வேண்டாம். நான் நடுவில் இருந்தால் நீ மறுபடியும் 500 ரூபாயைக் குறைக்கச் சொல்வாய்.

அன்புடன்,
ஆத்தா