பழைய உடன்படிக்கை ரத்தாகிவிட்டதா?

அன்புள்ள டேனியல்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. கிரேஸுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது நாளிதழை என் கையிலிருந்து பிடுங்கிப் படிக்கிறாள். பெரியவன் பெங்களூரில் வேலை மாறியிருக்கிறான். அந்தக் கம்பெனி என்னதான் செய்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சரி, உன் வேதபாட வகுப்புப் பையனின் கேள்விக்கு வருகிறேன். புதிய உடன்படிக்கை வந்தபிறகு பழையதை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டு, எபிரெயர் எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் காட்டினானாம். முந்தினது பழமையாகி உருவழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது என்று அங்கே இருப்பது உண்மைதான். அதை மழுப்பாதே, பையன் விடமாட்டான். அவனை ஐந்து வசனம் மேலே கூட்டிக்கொண்டு போ. அங்கே தொடங்கி எரேமியா 31-லிருந்து ஒரு பெரிய பகுதியை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார் நிருபக்காரர். புதிய ஏற்பாட்டில் இதைவிட நீளமான பழைய ஏற்பாட்டு மேற்கோள் கிடையாது. அந்தப் புதிய உடன்படிக்கை யாரோடு? இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும். வேறு யார் பெயரும் அதில் இல்லை. பிரமாணம் இனி இருதயத்தில் எழுதப்படும், பாவம் மன்னிக்கப்படும், சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் கர்த்தரை அறிவார்கள். இவ்வளவும் மாறுகிறது, ஆனால் தேவன் உடன்படிக்கை செய்யும் ஜனம் மாறவில்லை.

எரேமியாவுக்கு இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க 34-ஆம் அதிகாரம் போதும். பாபிலோன் படை எருசலேமை நெருக்கிக்கொண்டிருக்கிறது. சிதேக்கியா ராஜா ஜனங்களோடு உடன்படிக்கை செய்து, எபிரெய அடிமைகளையெல்லாம் விடுதலையாக்கச் சொல்கிறார். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே பிரபுக்களும் ஆசாரியர்களும் நடந்து போகிறார்கள். முற்றுகைப் படை சற்று விலகியதுதான் தாமதம், விட்டவர்களை மறுபடி பிடித்து அடிமையாக்கிவிட்டார்கள்! அந்தக் கன்றுக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும் என்று கொதிக்கிறார் தீர்க்கதரிசி. சடங்கின் அர்த்தமே அதுதான். சிரியாவில் செஃபீரே என்ற இடத்தில் கிடைத்த, கிமு 8-ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டு ஒன்றிலும் இதே பேச்சு இருக்கிறது: இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல், உடன்படிக்கையை மீறினால் அர்பாத் ராஜா மத்தியேலும் வெட்டப்படுவான்.

இதைத் தெரிந்துகொண்டு ஆதியாகமம் 15-ஐப் படித்தால் சிலிர்க்கும். ஆபிராம் (பின்னால் ஆபிரகாம் ஆனவர்) கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா மூன்றையும் வெட்டி எதிரெதிராக வைக்கிறார். பறவைகள் வந்து இறங்குகின்றன, துரத்துகிறார். பொழுது சாயும்போது அயர்ந்து தூங்கிவிடுகிறார். அப்புறம் துண்டுகளின் நடுவே போவது புகைகிற சூளையும் தீப்பந்தமும்தான். ஆபிராம் நடக்கவே இல்லை. சாபத்தைத் தலையில் ஏற்றுக்கொள்வது வாக்குக் கொடுக்கிறவர் மட்டுமே. வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று, நம் பிரசங்கிகள் ஏனோ அவசரமாகத் தாண்டிப் போகிற இடமும் கூட.

பவுல் பிடித்துக்கொள்வது ஆபிரகாமுக்குக் கொடுத்த அந்த வாக்குத்தத்தத்தைத்தான். 430 வருடம் கழித்து வந்த நியாயப்பிரமாணம், தேவன் முன்பே உறுதிப்படுத்திய உடன்படிக்கையைத் தள்ளிவிடாது என்கிறார் கலாத்தியர் 3-ல். பின்னால் வந்தது முன்னால் வந்ததை ரத்து செய்யாது என்பது அவருடைய வாதம். அவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு புதியது பழையதை ரத்து செய்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? ரோமர் 9-ல் உடன்படிக்கைகள் இஸ்ரவேலருடையவை என்று பட்டியலே போடுகிறார். இரண்டு அதிகாரம் தள்ளி, தேவனுடைய வரங்களும் அழைப்பும் மாறாதவை என்கிறார்.

திருவிருந்து வார்த்தைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் 1 கொரிந்தியர் 11, சுமார் கிபி 55. பவுலும் லூக்காவும் 'புதிய உடன்படிக்கை' என்கிறார்கள். மாற்கின் மிகப் பழைய பிரதிகளில் 'புதிய' என்பது இல்லை, 'உடன்படிக்கையின் இரத்தம்' மட்டும்தான். அது யாத்திராகமம் 24, சீனாய் அடிவாரத்தில் மோசே ஜனங்கள்மேல் தெளித்த இரத்தத்தின் எதிரொலி. ஆக, மேஜையில் சொன்ன வார்த்தையே பழையதன்மேல் ஊன்றித்தான் நிற்கிறது.

'அவர்களுடையது போயிற்று, இனி நம்முடையது' என்கிற பேச்சு அப்பட்டமாக வருவது பர்னபாவின் பெயரில் உலவிய நிருபத்தில். மோசே கற்பலகைகளை எறிந்து உடைத்தபோதே இஸ்ரவேல் உடன்படிக்கையை இழந்துவிட்டது என்கிறது அந்த நிருபம். சீனாய்ப் பிரதி என்ற பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதியின் கடைசியில் இடம்பிடித்தாலும் திருமறைக்குள் வரவில்லை. நல்லவேளை. இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோன் இன்னும் ஒரு படி மேலே போய் எபிரெய வேதத்தையே வேண்டாம் என்றார். கிபி 144-ல் ரோமச் சபை அவரை வெளியே அனுப்பியது. உன் பையன் தனக்கே தெரியாமல் மார்சியோனுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

நாம் கத்தோலிக்கர் அல்ல, சிஎஸ்ஐக்காரர்கள் (தென்னிந்தியத் திருச்சபை) என்றாலும் இதையும் சொல்ல வேண்டும். போப் இரண்டாம் ஜான் பால் 1980-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யூதர்களிடம் பேசும்போது, தேவன் ஒருபோதும் ரத்து செய்யாத பழைய உடன்படிக்கை என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டார். சபைக்கு அந்த இடத்துக்கு வர எவ்வளவு காலம், அதற்குள் எவ்வளவு கொடுமை!

அடுத்த வகுப்பில் ரோமர் 9 முதல் 11 வரை ஒரே மூச்சில் வாசிக்கச் சொல். அவன் என்ன சொன்னான் என்று எழுது. கெட்டிக்காரனாக இருந்தால் கலாத்தியர் 4-ஐத் திறப்பான். அங்கே பவுல் சீனாய் உடன்படிக்கையை ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகாரோடு சேர்த்துவைத்து, அடிமைப்பெண்ணையும் அவள் மகனையும் புறம்பே தள்ளு என்கிற வசனத்தையும் எடுத்துப் போடுகிறார். அந்த இடம் அவன் பக்கம்தான் சாய்கிறது, தயாராகப் போ.

அன்புடன்,
சாமுவேல்