தமிழ் – மலையாள மொழிபெயர்ப்புக்கு இலக்கண விதிகளே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயந்திர மொழிபெயர்ப்பு என்றால் கோடிக்கணக்கான வாக்கியங்களைக் கணினிக்குக் கொடுத்துப் பயிற்றுவிப்பது ஒன்றுதான் வழி என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளுக்கு அது பொருந்தலாம். தமிழிலிருந்து மலையாளத்துக்கு நேரடியாகப் பெயர்க்கப்பட்ட வாக்கியங்கள் அந்த அளவுக்குக் கிடையாது. ஆனால் இரண்டுக்கும் சொல் வரிசை ஒன்று, வேற்றுமை அமைப்பும் ஏறத்தாழ ஒன்று. இப்படி உறவுள்ள மொழிகளுக்கு விதிகளை எழுதிச் செய்யும் மென்பொருளே சிக்கனம். பிழை வந்தால் எந்த விதியில் வந்தது என்று விரல் வைத்துக் காட்டவும் முடியும்.

ஸ்பெயினின் அலிகாந்தே பல்கலைக்கழகத்தில் உருவான அபெர்டியம் என்ற விதிவழி மொழிபெயர்ப்பு மென்பொருள் இதற்கு நல்ல சான்று. 2005-இல் வெளியானது. ஸ்பானியம் – கட்டலான் போன்ற நெருங்கிய மொழிகளுக்காகத் தொடங்கி, பின்னர் பல மொழிகளுக்கு விரிந்தது. விக்கிப்பீடியாவின் மொழிபெயர்ப்புக் கருவியிலும் அது இருக்கிறது. நம் நாட்டிலும் இந்திய மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்பதற்கான 'சம்பர்க்' கூட்டுத் திட்டம் தமிழ் – மலையாளம், தமிழ் – தெலுங்கு இணைகளை எடுத்துக்கொண்டது. அடித்தளம் போடப்பட்ட வேலைதான் இது.

இதற்கு மூன்று அகராதிகள் வேண்டும்: தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று, இரண்டையும் இணைக்க ஒன்று. முதல் இரண்டும் பொருள் சொல்லும் அகராதிகள் அல்ல. ஒவ்வொரு சொல்லும் எந்த வாய்ப்பாட்டில், அதாவது எந்த விகுதி வரிசையை ஏற்று, திரியும் என்று சொல்பவை. தமிழ் வினைமுற்று மட்டுமே மூன்று காலத்துக்கும் 'நான்' முதல் 'அவை' வரையுள்ள எழுவாய்களுக்குமாகப் பல வடிவங்கள் எடுக்கும். வந்தவன், வந்தவனுக்கு, வந்தவளோடு என்று வினையாலணையும் பெயர்கள் வேற்றுமை ஏற்கத் தொடங்கினால் பட்டியல் போட்டுத் தீராது. அதனால் பகுதியையும் விகுதிகளையும் கண்ணிகளாகக் கோத்துத்தான், சொல்லைப் பிரித்து அறியும் பகுப்பானை அமைக்க வேண்டும். பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'சேர்' என்று ஒரே பதிவு போட்டால் சேர்ந்தான், சேர்த்தான் இரண்டும் கலந்துவிடும். அடைந்தான் – அடைத்தான், படிந்தான் – படித்தான் எல்லாம் அப்படியே. பகுதி ஒன்றாகத் தெரிந்தாலும் வாய்ப்பாடு வேறு, பொருள் வேறு. இரண்டு பதிவாகவே வைக்க வேண்டும்.

பகுத்ததும் பொருள் மயக்கம் வரும். 'வேலை' என்பது பணியா, வேல் என்பதோடு ஐ உருபா? 'மழை வரும் நாளை எதிர்பார்த்தோம்' என்ற வாக்கியத்தில் இரண்டு மயக்கங்கள் சேர்ந்து நிற்கின்றன. 'நாளை' என்பது மறுநாளா, நாள் என்பதோடு ஐ உருபா என்பது ஒன்று. மற்றொன்று, 'வரும்' வினைமுற்றாகவும் இருக்கலாம், பெயரெச்சமாகவும் இருக்கலாம். மலையாளத்தில் முற்று 'வரும்', எச்சம் 'வருந்ந'. தவறாகத் தேர்ந்தால் வாக்கியமே உடைந்துவிடும். அடுத்து வருவது பெயர் என்றால் எச்சம், வாக்கியத்தின் கடைசி என்றால் முற்று என்ற விதி பெரும்பாலும் கைகொடுக்கும். நிறுத்தற்குறி விடுபட்ட தலைப்புகளில் அது ஏமாறும்.

தமிழ் அமைப்பை மலையாள அமைப்பாக மாற்றும் விதிகளில் மிக முக்கியமானவை இரண்டு. மலையாள வினைக்குத் திணை, பால், எண், இட விகுதி இல்லை. வந்தான், வந்தாள், வந்தார்கள் எல்லாமே 'வந்நு'தான். தமிழிலிருந்து போகும்போது விகுதியை உதிர்த்தால் போதும். எதிர்த்திசையில் எழுவாயைத் தேடிப் பிடிக்க வேண்டும், எழுவாய் தொக்கி நின்றால் பொறி ஊகம்தான் செய்யும். ஆகவே தமிழ் → மலையாளம் திசையை முதலில் முடிப்பதே அறிவுடைமை. இரண்டாவது விதி இரண்டாம் வேற்றுமை பற்றியது. 'புத்தகத்தைப் படித்தேன்' மலையாளத்தில் உருபின்றி 'புஸ்தகம் வாயிச்சு' ஆகும். ராமனைப் பார்த்தால் 'ராமனெ' என உருபு நிற்கும். உயிருள்ளதா இல்லையா என்ற குறிப்பு ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் பதிவிலும் இல்லாவிட்டால் இந்த விதியை எழுதவே முடியாது. பல ஆயிரம் சொற்களைச் சேர்த்த பிறகு அந்தக் குறிப்பைப் புகுத்துவது பெரும் தண்டனை. முதல் நாளிலேயே இட வேண்டும்.

சோதனைக்கு அபெர்டியத்தின் குறிகள் மிகவும் உதவும். வெளியீட்டில் ஒரு சொல்லுக்கு முன் நட்சத்திரக் குறி நின்றால் பகுப்பானுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. @ நின்றால் இருமொழி அகராதியில் இணை இல்லை. # நின்றால் இணை கிடைத்தும் இலக்கு மொழியில் அந்த வடிவத்தை ஆக்க முடியவில்லை. தமிழ் அகராதியின் ஒவ்வொரு வடிவத்தையும் பொறிக்குள் செலுத்தி, @, # இரண்டும் ஒழியும்வரை திருத்திய பிறகே வெளியிட வேண்டும். தரத்தை அளக்க எடுக்கும் வாக்கியங்களை விதி எழுதுபவர் கண்ணில் காட்டக் கூடாது. பார்த்த வாக்கியத்துக்கு விதி எழுதி அதிலேயே மதிப்பெண் போட்டுக்கொள்வதால் பயனில்லை.

எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயல்வதும் தவறு. கனடாவில் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்த்த 'மெத்தியோ' மென்பொருள் 1977 முதல் 2001 வரை அந்த ஒரே வேலையைச் செய்தது. சொற்களும் வாக்கிய அமைப்பும் குறுகியவை என்பதால்தான் அது நிலைத்தது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் வாழும் தமிழர்களும் கேரள அலுவலகங்களும் எழுதிக்கொள்ளும் விண்ணப்பங்கள், ரேஷன் அறிவிப்புகள், மழை எச்சரிக்கைகள் அப்படிப்பட்ட துறைகளே. அங்கே தொடங்கலாம்.

அரசுப் பணத்தில் உருவாகும் அகராதிகளும் விதிகளும் மூலத்தோடு பொது உரிமத்தில் வெளிவர வேண்டும். யாரும் மூலத்தை எடுத்துத் திருத்தி வெளியிட இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் அபெர்டியம் வந்ததால்தான் அதைத் தொடங்கியவர்களோடு நின்றுவிடாமல் வளர்ந்தது. இயங்கும் இணையதளம் மட்டும் இருந்து மூலம் பூட்டிக் கிடந்தால், திட்டக்காலம் முடிந்ததும் ஒரு சொல்லைக்கூடத் திருத்த ஆளிருக்காது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். 'வந்துவிட்டான்' என்று துணைவினையாக வரும்போது சேர்த்தும், 'பள்ளியில் கொண்டுவந்து விட்டான்' என்று தனிவினையாக வரும்போது பிரித்தும் அச்சிடுங்கள். இப்போது ஒரே பக்கத்தில் இரண்டு முறையும் கலந்து வருகின்றன. 'ஔ' எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுவதும் நிற்க வேண்டும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, பகுப்பானுக்கு அது வேறு சொல். தங்கள் எழுத்து நடைக் கையேட்டை இணையத்தில் வெளியிட்டால், விதி எழுதுபவர்கள் அதை அப்படியே எடுத்தாளலாம்.

இப்படிக்கு,
தமிழ்க் கணிமைப் பணியாளர்கள்,
கோயம்புத்தூர்.