அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவர்களுக்கு நேரடிச் செய்முறைப் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்
கட்டாயச் சுழற்சிப் பயிற்சி மருத்துவர்கள்,
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம்,
கீழ்ப்பாக்கம், சென்னை – 600 010.

பொருள்: அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் வாரங்களில் ஆசிரியர் மேற்பார்வையில் செய்முறைப் பயிற்சியை உறுதி செய்து ஆணை பிறப்பிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று, ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர்கள். கல்லூரியின் பெயரை மனுவில் குறிப்பிடவில்லை. யார் மீதும் புகார் சொல்வது எங்கள் நோக்கமல்ல. வேறு அரசுக் கல்லூரிகளில் பயிற்சியில் இருக்கும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்பதால் பொதுவாகவே எழுதுகிறோம்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பயிற்சி ஆண்டில் பொது அறுவை சிகிச்சைக்கு 6 வாரம், அவசர சிகிச்சைக்கு 2 வாரம். 2019-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமோ சாதாரணத் தையல், காயத்தைச் சுத்தம் செய்து கட்டுதல், மேலாக இருக்கும் சீழ்க்கட்டியைக் கீறி வடித்தல் ஆகியவற்றை ஒரு பட்டதாரி மருத்துவர் தானாகவே செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. 6 வாரம் குறைவுதான். ஆனாலும் அது முழுதாகக் கிடைத்தால் இவற்றைக் கற்றுக்கொள்ளலாம். அது கிடைக்கவில்லை என்பதால்தான் இந்த மனு.

காலை 7 மணிக்கு வார்டுக்கு வந்தால் ரத்தம் எடுப்பது, அதை லேபில் சேர்ப்பது, ரிப்போர்ட் வாங்கி வந்து கேஸ் ஷீட்டில் எழுதுவது, ரத்த வங்கிக்கு ஓடுவது, சி.டி. ஸ்கேன் எடுக்க நோயாளியுடன் போவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆவணங்களைப் பதிவேற்றுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்று மதியம் ஆகிவிடும். ரத்தம் எடுப்பதும் கேஸ் ஷீட் எழுதுவதும் மருத்துவர் பழக வேண்டிய வேலைகள்தான். அவற்றைத் தட்டிக்கழிக்க நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆளில்லாததால் அதையும் நாங்கள் தள்ளும் நேரத்தில், தியேட்டரில் அன்றைய அறுவை சிகிச்சைகள் முடிந்துவிடுகின்றன. உள்ளே போக முடிந்த நாளிலும் முதுநிலை மாணவர்களின் தோளுக்குப் பின்னால்தான் நிற்க இடம். அவர்களுக்கும் கற்க கேஸ் வேண்டும் என்பது எங்களுக்குப் புரிகிறது. அதனால் பெரிய அறுவை சிகிச்சைகளில் நாங்கள் பங்கு கேட்கவில்லை. சிறு அறுவை சிகிச்சைகள் நடக்கும் மைனர் தியேட்டரும், கட்டுப் போடும் அறையும், இரவு நேர அவசரப் பிரிவும் எங்களுக்குப் போதும்.

அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை நோயால் கால் புண்ணாகி வருபவர்கள் வார்டில் எப்போதும் இருப்பார்கள். அழுகிய தசையை எதுவரை நீக்குவது, ரத்தம் கசியும் நல்ல தசை எங்கே தொடங்குகிறது என்பதைப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது. கத்தியும் ஃபோர்செப்ஸும் கையில் இருக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். இரவில் விபத்தில் அடிபட்டு தலையிலும் முழங்கையிலும் கிழிந்த காயங்களோடு வருகிறார்கள். கூட்டம் அதிகமாக இருப்பதால் முதுநிலை மருத்துவரே வேகமாகத் தைத்துவிடுகிறார். நூலை வெட்டிக் கொடுப்பது எங்கள் வேலை.

விதிவிலக்காக ஓர் அனுபவம் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். ஓர் இரவு, முன்கையில் தகரம் கிழித்த தொழிலாளி ஒருவரிடம் உதவிப் பேராசிரியர் விவரம் சொல்லிச் சம்மதம் கேட்டு, எங்களில் ஒருவரைத் தைக்க வைத்தார். விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி, நரம்போ தசைநாணோ அறுபடவில்லை என்று முதலில் உறுதி செய்ய வைத்தார். நோயாளியின் எடையைக் கேட்டு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தை எவ்வளவு போடலாம் என்று கணக்குப் போடச் சொன்னார். ஊசியைத் தோலுக்குச் செங்குத்தாக இறக்கி, அதன் வளைவோடு மணிக்கட்டைத் திருப்பச் சொன்னார். முடிச்சு இறுகி விளிம்பு வெளுத்தபோது அதை வெட்டி மறுபடி போட வைத்தார். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான்கரை ஆண்டு வகுப்பறையில் கிடைக்காதது அந்த மேசையில் கிடைத்தது. அவர் அன்று பணியில் இருந்ததால் நடந்தது அது. எந்த மாணவருக்கும் அது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

நாங்கள் ஒவ்வொருவரும் முதல் தையலை யாரோ ஒரு நோயாளியின் உடலில்தான் போடப்போகிறோம். கல்லூரி மருத்துவமனையில், ஆசிரியர் அருகில் நிற்க, நோயாளியின் சம்மதத்தோடு போட்டால் அவருக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் பாடம். இங்கே போடாவிட்டால் அடுத்த ஆண்டு ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவுப் பணியில், ஒரு செவிலியர் மட்டும் உடனிருக்க, தனியாகப் போடுவோம். அல்லது பயந்துபோய் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவோம். நான்கு தையல் போட வேண்டிய காயத்துக்கு ஒரு குடும்பம் நள்ளிரவில் ஆம்புலன்ஸில் அலையும்.

ஆகவே தாங்கள் ஆணை பிறப்பிக்க வேண்டுவன இவை. அறுவை சிகிச்சையில் இருக்கும் 6 வாரங்களில், ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது மைனர் தியேட்டரில் மட்டுமே பணி ஒதுக்க வேண்டும். அந்த நாட்களில் வேறு வேலைக்கு அழைக்கக் கூடாது. அங்கே கற்பிக்க ஓர் உதவிப் பேராசிரியரின் பெயர் பணிப்பட்டியலில் இடம்பெற வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளவும் மாதிரிகளை லேபுக்குக் கொண்டுபோகவும் போதிய பணியாளர்களை நியமிக்காமல் இது நடக்காது என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறோம்.

மாதிரி உடல்களில் செய்முறை பழகுவதற்கான திறன் ஆய்வகம் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் அது இருக்க வேண்டும் என்பது விதி; எங்கள் கல்லூரியிலும் இருக்கிறது, பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. ஆய்வுக் குழு வரும்போது மாதிரி உடல்களைத் துடைத்து வைக்கிறார்கள். நாங்கள் விடுதியில் கறிக்கடை ஆட்டுத்தோலிலும் வாழைப்பழத் தோலிலும் தைத்துப் பழகுகிறோம். மாலை 4 மணி முதல் 8 மணி வரை ஆய்வகத்தைத் திறந்து வைத்தாலே போதும். தியேட்டர்களில் காலாவதியாகும் தையல் நூல்களைக் கழிவில் சேர்க்காமல், நோயாளிகளுக்கான இருப்போடு கலந்துவிடாதபடி தனியே குறித்து, பயிற்சிக்கு வழங்க மருந்துக் கிடங்குக்கு அனுமதி தர வேண்டும். இதில் அரசுக்குப் புதிய செலவு எதுவும் இல்லை.

கடைசியாக, நாங்கள் செய்த செய்முறைகளைப் பதிவு செய்யும் லாக் புக். பணி முடியும் நாளில் எல்லாப் பக்கங்களிலும் மொத்தமாகக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நிற்க வேண்டும். செய்த அன்றே, அருகில் இருந்த ஆசிரியரே, மாணவர் பார்த்தாரா, உதவினாரா, தானே செய்தாரா என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். செய்யாதது காலியாகவே இருக்கட்டும். எந்தக் கல்லூரியில் எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்பது இயக்ககத்துக்கும் அப்போதுதான் தெரியும்.

எங்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சைப் பணி முடிந்துவிட்டது. அடுத்த அணி பயிற்சியில் சேருமுன் இந்த ஆணை வந்தால் அவர்களுக்காவது பயன்படும். விசாரணைக்கு அழைத்தால் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிற்சி மருத்துவர்கள்

நகல்: துணைவேந்தர் அவர்கள், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கிண்டி, சென்னை.