“அஞ்சு ரூபா குடுத்திருக்கேன்ல?”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையக் கழிப்பறைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நகராட்சி, குத்தகைதாரர் என்று எல்லோரையும் சாடியிருந்தது. சாட வேண்டியதுதான். ஆனால் உள்ளே போய்விட்டு வருகிற நம்மைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

19 ஆண்டுகளாகத் தினமும் இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்குப் போகிறவள் நான். காலையில் வீட்டில் குடிக்கிற காபியோடு சரி, பள்ளி போய்ச் சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். உடன் வரும் பெண்களும் அப்படித்தான். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து, மருத்துவரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் பேருந்து மாறும் இடத்திலுள்ள கட்டணக் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தேன்.

அங்கே வேலை பார்க்கிற அக்கா காலை ஐந்து மணிக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுகிறார். அப்போது போனால் நம் வீட்டுக் கழிப்பறை மாதிரி இருக்கும். ஏழரைக்குள் நாசம். இத்தனைக்கும் குழாயில் தண்ணீர் வருகிறது, வாளியும் மக்கும் இருக்கின்றன. “நல்லா உடுத்திக்கிட்டுத்தான் வர்றாங்க டீச்சர். மக்கைத் தொடத்தான் அவங்களுக்குக் கூசுது” என்றார். ஒருநாள் தண்ணீர் ஊற்றாமல் வெளியே வந்த பெண்ணை அவர் கூப்பிட்டுச் சொன்னதற்கு, “அஞ்சு ரூபா குடுத்திருக்கேன்ல?” என்று பதில் வந்தது.

எனக்கென்னவோ, அசுத்தத்துக்குப் பாதிக் காரணம் நம் சுத்த உணர்ச்சிதான் என்று தோன்றுகிறது. முதல் ஆள் மக்கைத் தொடக் கூசி அப்படியே விட்டுப் போகிறார். அடுத்தவர் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோரமே உட்கார்ந்து எழுகிறார். மூன்றாமவருக்குக் கால் வைக்க இடமில்லை. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் உட்காரப் பயந்து செருப்புக் காலோடு மேலே ஏறிவிடுகிறோம். ஃப்ளஷைக் காலால் மிதிக்கிறோம். அது உடைந்ததும் பராமரிப்பு சரியில்லை என்கிறோம். உட்காரும் இடத்தில் தோல் பட்டு நோய் வருவது அரிது. கதவையும் குழாயையும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெளியே வந்து பஜ்ஜி தின்பதில்தான் வினை இருக்கிறது. அங்கேயோ, குழாயடியில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருப்பார்கள்.

நாப்கினை உள்ளேயே போட்டுவிடுவது இன்னொரு கொடுமை. அது கரையாது, குழாயை அடைக்கும். அடைத்ததை எடுக்க ஒருவர் கைவிட வேண்டும். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைப்பதைத் தடுக்க 2013இல் சட்டமே வந்துவிட்டது. அந்த அக்காவிடம் இருப்பதோ ஒரு வளைந்த கம்பி மட்டும். ரயில் கதையும் இதுதான். கழிவைத் தண்டவாளத்தில் கொட்டாமல் பாக்டீரியாவால் சிதைக்கிற பயோ டாய்லெட் வைத்தார்கள். அதற்குள்ளும் தண்ணீர் பாட்டில், நாப்கின், குட்கா பாக்கெட். எந்த பாக்டீரியா இதையெல்லாம் தின்னும்?

நம் மேல் மட்டும் பழி போடவில்லை. கதவில் பை மாட்ட ஒரு கொக்கி கிடையாது. கைப்பையைக் கழுத்தில் மாட்டி, சேலையை ஒரு கையில் பிடித்து, தாழ்ப்பாள் இல்லாத கதவை மறுகையால் தள்ளிக்கொண்டிருப்பவள் எந்தக் கையால் மக்கை எடுப்பாள்? நாப்கின் போட மூடியுள்ள கூடையும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும். நானே வாங்கித் தருகிறேன் என்று குத்தகைதாரரிடம் சொன்னேன். கதவில் ஆணி அடிப்பதென்றால் நகராட்சியில் எழுதிக் கேட்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. கொக்கிகள் என் கைப்பையில் இருக்கின்றன.

தங்கள் வாசகி,
அரசுப் பள்ளி ஆசிரியை,
கடலூர் மாவட்டம்